ஓர் எழுத்தில் நழுவும் ஈடு: அமெரிக்க மாநிலங்களின் புதிய சட்டப்படி ஈட்டுக் கடனைப் பதிவு செய்யும் வழி

அமெரிக்க ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயருக்கு அருகே பொடி எழுத்தில் 1 என்றும் 2 என்றும் அச்சாகியிருக்கும். 1 குடும்பப் பெயர், 2 தனக்கு இட்ட பெயர். நம்மவர்களில் பலருக்கு 1-க்கு நேரே அப்பாவின் பெயர் இருக்கும். சிலருக்கு 1-இல் சொந்தப் பெயரும் 2-இல் அப்பா பெயரும் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். ஒற்றைப் பெயரோடு வந்தவர்களின் விசாவில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்து முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்று எழுத்தையே தன் பெயராகச் சுமந்து திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் இது சிரிப்பாகப் போய்விடும். கடன் கோப்பில் போகாது. நியூ ஜெர்சியில் சிறு வணிகக் கடன்களுக்கான தாள்களைத் தயார் செய்வது என் வேலை. இந்த வேலையில் பெரும் சேதம் வட்டிக் கணக்கிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை. பெயர்க் கட்டத்திலிருந்துதான் வரும். கடன் கொடுக்கிற தமிழர்களுக்கும், கடை நடத்துகிறவர்களுக்கும், அவர்களின் கணக்கர்களுக்கும் உதவும் என்று, புதிய சட்டப்படி ஒரு ஈட்டுக் கடனை முதலிலிருந்து கடைசிவரை எப்படிக் கொண்டுபோவது என்பதை எழுதுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சொற்கள் மாறும். பெரிய தொகை என்றால் வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஊரில் நகையை அடகு வைத்தால் நகை கடைக்காரரின் பெட்டிக்குள் போய்விடும். யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் மளிகைக் கடையின் சரக்கையும் குளிர்ப்பெட்டியையும் வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியையும் பெட்டிக்குள் பூட்ட முடியாது. பூட்டினால் கடை நடக்காது, கடனும் திரும்பாது. பொருள் கடனாளியிடமே இருக்கட்டும், அதன்மேல் எனக்கு உரிமை உண்டு என்பதை ஊருக்கு அறிவித்துவிடுகிறேன் என்பதுதான் இந்தச் சட்டத்தின் ஏற்பாடு. அறிவிப்பு சரியாக இல்லையென்றால், கடனாளி திவாலாகும் நாளில் நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளர் அந்த உரிமையைத் தூக்கி எறிந்துவிடுவார். பிறகு பால்காரர், மின்சாரக் கட்டணம் வசூலிப்பவர் ஆகியோரோடு வரிசையில் நின்று டாலருக்குச் சில சென்ட் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் ஓர் இந்திய மளிகைக் கடை. உரிமையாளருக்கு 1,50,000 டாலர் வேண்டும். ஈடாகத் தருவது சரக்கு, உபகரணங்கள், வர வேண்டிய பாக்கிகள்.

முதல் படி: எந்த மாநிலம், சட்டத்தின் எந்தப் பதிப்பு

யு.சி.சி. எனப்படும் சீரான வணிகச் சட்டத் தொகுப்பு வாஷிங்டன் நாடாளுமன்றம் இயற்றியதல்ல. 1892-இல் தொடங்கிய சீர்சட்ட ஆணையமும் அமெரிக்கச் சட்டக் கழகமும் சேர்ந்து எழுதும் மாதிரி நூல் அது. அதிகாரபூர்வ முதல் வடிவம் 1952-இல் வந்தது. அடுத்த ஆண்டே பென்சில்வேனியா முதலில் ஏற்றது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் தனித்தனியே நிறைவேற்றினால்தான் செல்லும். லூசியானா பிரெஞ்சு வழிச் சட்ட மரபில் ஊறியது. ஈட்டுக் கடன்களைப் பற்றிய ஒன்பதாம் பகுதியை 1990-இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்த ஒன்பதாம் பகுதிதான் நமக்கு வேண்டியது. 2001 ஜூலையில் அது அடியோடு புதுப்பிக்கப்பட்டது. பெயர்க் குழப்பங்களைத் தீர்க்க 2010-இல் எழுதிய திருத்தங்கள் 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கிரிப்டோ போன்ற மின்னணுச் சொத்துகளுக்காக 2022-இல் மறுபடியும் திருத்தி, பன்னிரண்டாம் பகுதி என்று புதிதாக ஒன்றையும் சேர்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் இதை ஏற்றுவிட்டன. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. தெற்கு டகோட்டாவில் 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் தடுத்து நிறுத்தினார். ‘மின்னணுப் பணம்’ என்ற சொல்லைப் பார்த்து, மத்திய அரசு டிஜிட்டல் டாலரைத் திணிக்கப்போகிறது என்ற அச்சம் கிளம்பியிருந்தது. வரையறைப் பட்டியலில் கிடந்த ஒரு சொல் அரசியல் மேடைக்கு ஏறியது அந்த ஆண்டில்தான்.

எந்த மாநிலத்தின் சட்டம் பொருந்தும்? கடை இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடனாளி பதிவு பெற்ற நிறுவனமானால், அது எந்த மாநிலத்தில் பதிவானதோ அங்கேதான் அது ‘இருக்கிறது’. கடை எடிசனில், அதை நடத்தும் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) டெலவேரில் என்றால் ஈட்டை அறிவிக்கும் பதிவுப் படிவம் டெலவேருக்குப் போகும். நிறுவனம் இல்லாமல் தனி ஆளாகக் கடை நடத்தினால் அவர் குடியிருக்கும் மாநிலம். வீடு பென்சில்வேனியாவில், கடை நியூ ஜெர்சியில் என்று எல்லையைத் தாண்டி வருகிறவர்கள் ஏராளம், அவர்களுக்குப் பென்சில்வேனியா.

இரண்டாம் படி: பெயர்

இங்கே அவசரப்படாதீர்கள். பதிவேடு முழுவதும் கடனாளியின் பெயரில் அடுக்கப்பட்டிருக்கிறது. பெயர் பிசகினால் படிவம் இருந்தும் இல்லாததுதான்.

பழைய சட்டம் தனி மனிதர் விஷயத்தில் ‘அவருடைய பெயர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. எது அவருடைய பெயர்? கான்சாஸில் ஒரு விவசாயி. சட்டப்படி டெரன்ஸ் ஜோசப் கின்டர்க்னெக்ட், ஊரில் டெரி. டிராக்டர் கடன் கொடுத்த நிறுவனம் ‘டெரி ஜே.’ என்று பதிந்தது. 2004-இல் மேல்முறையீட்டு அமர்வு அந்தப் பதிவு செல்லாது என்றது. அதே மாநிலத்தில் ராட்ஜர் ஹவுஸ் என்பவரின் பெயரில் ஒரு ‘டி’ விட்டுப்போய் ‘ராஜர்’ என்று பதிவானது. 2006-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. ஓர் எழுத்து!

இப்படிப்பட்ட வழக்குகள் குவிந்ததால் 2010 திருத்தம் இரண்டு வழிகளை வைத்து, மாநிலங்களைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. முதல் வழியில், அந்த மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதில் உள்ள பெயர் மட்டுமே பெயர். இரண்டாம் வழியில், உரிமப் பெயரைப் போட்டால் பாதுகாப்பு, மற்றச் சரியான பெயர்களும் செல்லும். பெரும்பாலான மாநிலங்கள் முதல் வழியைப் பிடித்துக்கொண்டன.

உரிமத்திலேயே அச்சுப் பிழை இருந்தால்? அதுவும் நடந்தது. இண்டியானாவில் ஒருவரின் நடுப்பெயர் மார்க். உரிமத்தில் கடைசியில் ஒரு ‘டி’ சேர்ந்து ‘மார்க்ட்’ என்று அச்சாகியிருந்தது. வங்கி அவருடைய உண்மைப் பெயரை ஒழுங்காக எழுதிப் பதிந்தது. 2017-இல் திவால் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உரிமம் தப்பாக இருந்தால் படிவத்திலும் அதே தப்பு இருக்க வேண்டும். இதைப் படித்ததிலிருந்து நான் கடனாளியிடம் பெயர் கேட்பதையே நிறுத்திவிட்டேன். அட்டையைக் கேட்கிறேன், நகலெடுக்கிறேன், அட்டையைப் பார்த்து ஒருவர் எழுத்து எழுத்தாக வாசிக்க, இன்னொருவர் படிவத்தில் சரிபார்க்கிறார்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. ஒருமுறை ஒரு கடைக்காரரின் கோப்பில் நான்கு தாள்களில் நான்கு வடிவம் இருந்தது. வரிப் படிவத்தில் தலைப்பெழுத்தோடு, குத்தகை ஒப்பந்தத்தில் தலைப்பெழுத்து இல்லாமல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், உரிமத்தில் பின்னால். எழுத்துக்கூட்டலும் ஒன்றில் ‘டிஎச்’, இன்னொன்றில் வெறும் ‘டி’. எல்லாமே ஒரே மனிதர்தான். வங்கி அதிகாரி, எது சரியான பெயர் என்று கேட்டார். கடைக்காரர் கூசாமல், “எல்லாமே சரிதான் சார்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பதிவேட்டுக்கு மட்டும் உரிமத்தில் உள்ளதுதான் சரி: 1-இல் இருப்பது குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு, 2-இல் இருப்பது முதல் பெயர்க் கட்டத்துக்கு. பிள்ளை பெயரையும் அப்பன் பெயரையும் நம் வழக்கப்படி ‘சரிசெய்து’ எழுதினால் ஈடு கையைவிட்டுப் போகும்.

2025 மே 7 முதல் உள்நாட்டு விமானப் பயணத்துக்கு ‘ரியல் ஐடி’ எனும் மத்திய அரசுத் தர அடையாள அட்டை அமலுக்கு வந்ததையொட்டிப் பலர் உரிமத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிப் புது அட்டை வாங்கும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாறியிருக்கலாம். முதல் வழியைத் தேர்ந்த மாநிலத்தில் அது பெயர் மாற்றத்துக்குச் சமம். புதுப் பெயரில் தேடினால் பழைய பெயரில் உள்ள பதிவு வராது என்றால், மாற்றம் நடந்து நான்கு மாதத்துக்குள் திருத்தப் படிவம் போட வேண்டும். போடாவிட்டால் அந்த நான்கு மாதத்துக்குப் பிறகு கடைக்கு வரும் சரக்கு உங்கள் ஈட்டில் சேராது. மளிகைக் கடையின் சரக்கு நான்கு மாதத்தில் எத்தனை முறை புரளும் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

நிறுவனம் என்றால் வேலை சற்று எளிது. மாநிலத்தில் தாக்கல் செய்த அமைப்பு ஆவணத்தில் உள்ள பெயரைக் காற்புள்ளி உட்பட அப்படியே எடுக்க வேண்டும். கடை முகப்பில் எழுதிய பெயர் உதவாது. வணிகப் பெயரில் மட்டும் செய்த பதிவு போதாது என்று சட்டமே சொல்கிறது. சுருக்கெழுத்தும் ஆகாது. ஃப்ளோரிடாவில் ஒரு நிறுவனத்தின் பெயரில் ‘புலவார்ட்’ என்ற சொல் முழுதாக இருந்தது. கடன் கொடுத்த வங்கி அதைச் சுருக்கி ‘பி.எல்.வி.டி.’ என்று பதிந்தது. சரியான பெயரைத் தேடினால் அந்தப் பதிவு முதலில் திறக்கும் பக்கத்தில் வரவில்லை. ‘முந்தைய பக்கம்’ என்ற பொத்தானை அழுத்தினால் வந்தது. பல மாநிலங்களின் கணினி இத்தகைய சிறு வேறுபாடுகளைத் தானே சமன்செய்து பொருந்தும் பெயர்களை மட்டும் காட்டும். ஃப்ளோரிடாவின் தளம் அகரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்ததே தவிர அந்த வேலையைச் செய்யவில்லை. பெயரில் சிறு பிழை இருந்தாலும் சரியான பெயரைத் தேடும்போது பதிவு வந்தால் சட்டம் அதை மன்னிக்கும். தளம் அப்படியிருக்க அந்த விதிக்கே இங்கு இடமில்லை என்று 2022 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு பொத்தான் தூரத்தில் ஈடு போனது.

மூன்றாம் படி: நமக்கு முன் யார் நிற்கிறார்கள்

பொதுவிதி, முதலில் பதிந்தவருக்கு முதலிடம். ஆகவே பணம் கைமாறுவதற்கு முன் அதே பெயரில் பதிவேட்டில் தேடுங்கள். எடிசன் கடைக்காரரின் பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ‘மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ்’ (வருங்கால விற்பனையைக் காட்டி வாங்கும் முன்பணம்) ஒன்று கிடக்கலாம். அவசரத்துக்கு வாங்கியது, அடைத்தும் இருப்பார். ஆனால் ‘அனைத்துச் சொத்துகளும்’ என்று போட்ட பதிவு இன்னும் உயிரோடு இருக்கும். கடன் கொடுத்தவரின் பெயர்க்கட்டத்தில் ‘பிரதிநிதி’ என்று ஏதோ ஒரு சேவை நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். யார் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்.

இன்னொரு பொறி, வருமான வரித்துறை. மிச்சிகனில் ஒரு நிறுவனத்தின் பதிவுப் பெயரில் ‘அண்ட் மேனுஃபேக்சரிங் கோ.’ என்று இருந்தது. வரித்துறை வரிப் பாக்கிக்கான தன் உரிமை அறிவிப்பில் ‘&’ குறியும் ‘எம்.எஃப்.ஜி.’ என்ற சுருக்கமும் போட்டது. சரியான பெயரில் தேடிய கடன் நிறுவனத்துக்கு அது தென்படவில்லை. 2005-இல் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், மத்திய அரசின் வரி உரிமைக்கு மாநிலத்தின் துல்லியப் பெயர் விதி பொருந்தாது என்றது. நமக்கு ஓர் எழுத்து தவறக்கூடாது, அரசுக்குத் தவறலாம். நியாயமா என்று கேட்டுப் பயனில்லை. சுருக்கங்களையும் மாற்று எழுத்துக்கூட்டல்களையும் போட்டு இரண்டாம் முறை தேடுவதுதான் வழி.

நான்காம் படி: ஒப்பந்தம்

ஈட்டுரிமை பிறக்க மூன்று வேண்டும்: கடன் பணம் கொடுத்திருக்க வேண்டும், பொருளில் கடனாளிக்கு உரிமை இருக்க வேண்டும், பொருளை விவரித்துக் கடனாளி கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேண்டும். மின்னணுக் கையொப்பமும் கையொப்பம்தான். 2022 திருத்தம் பழைய சுற்றுவழிச் சொல்லை எடுத்துவிட்டு நேராகவே ‘கையொப்பம்’ என்கிறது.

இங்கே தடுக்கி விழும் இடம் ஒன்று. ஒப்பந்தத்தில் ‘கடனாளியின் அனைத்துச் சொத்துகளும்’ என்று எழுதினால் செல்லாது. பதிவுப் படிவத்தில் அதையே எழுதினால் செல்லும்! ஒப்பந்தம் இருவருக்கிடையே எதைப் பிணைத்தோம் என்று காட்ட வேண்டும். படிவம் ஊருக்கு எச்சரிக்கை மணி அடித்தால் போதும். ஆகவே ஒப்பந்தத்தில் ‘சரக்கு, உபகரணம், வரவேண்டிய பாக்கிகள், இப்போதுள்ளவையும் இனி வருபவையும்’ என்று வகை வகையாக எழுதுங்கள். ‘இனி வருபவையும்’ என்பதை விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு அலமாரியில் உள்ள துவரம்பருப்பு அடுத்த மாதம் இருக்காது.

ஐந்தாம் படி: பதிவு

யு.சி.சி.-1 ஒரு பக்கத் தாள். கடனாளி பெயர், கடன் கொடுத்தவர் பெயர், இருவர் முகவரி, ஈடு. சமூகப் பாதுகாப்பு எண் வேண்டாம்; 2010 திருத்தத்துக்குப் பின் நிறுவனப் பதிவு எண்ணும் கேட்பதில்லை. பழைய மாதிரிப் படிவத்தை இன்னும் கணினியில் வைத்திருப்பவர்கள் அழித்துவிடலாம். தொகையும் எழுதத் தேவையில்லை.

ஒப்பந்தம் கையொப்பமாகும் முன்பே, கடனாளி எழுத்தில் ஒப்புதல் தந்திருந்தால், படிவத்தைப் பதிந்துவிடலாம். வரிசையில் இடம்பிடித்து வைப்பதுபோல் இது. பேச்சு நடக்கும் இரண்டு வாரத்தில் வேறொருவர் முந்திக்கொள்ளாமல் இருக்கும்.

அனுப்பும் அலுவலகத்தின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலும் மாநிலச் செயலர் அலுவலகம். நியூ ஜெர்சியில் கருவூலத் துறையின் வருவாய்ப் பிரிவு. மேரிலாந்தில் மதிப்பீடு, வரிவிதிப்புத் துறை. ஜார்ஜியாவில் எந்த மாவட்ட உயர் நீதிமன்ற எழுத்தரிடம் கொடுத்தாலும் மாநிலம் முழுவதற்குமான பொது அட்டவணையில் ஏறும்.

பதிவு எண் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்து நீங்களே கடனாளியின் சரியான பெயரில் தேடிப் பாருங்கள். நம் பதிவு முதல் தேடலிலேயே வர வேண்டும்.

படிவத்தால் ஆகாதவையும் உண்டு. வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை நேரடி ஈடாகப் பிடிக்க எத்தனை யு.சி.சி.-1 போட்டாலும் செல்லாது. வங்கி, கடனாளி, நீங்கள் மூவரும் கையொப்பமிடும் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வேண்டும். கணக்கு உங்கள் வங்கியிலேயே இருந்தால் அது தானாகவே கட்டுப்பாட்டில் இருக்கிறது. சரக்கு ஏற்றும் வேனுக்கு அதன் உரிமைப் பத்திரத்தில் உங்கள் பெயர் ஏற வேண்டும், நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் வங்கிப் பெயர் ஏறுவதுபோல. கட்டடத்தோடு இணைத்துவிட்ட குளிர்அறை என்றால் அந்த மாவட்டத்தின் நிலப் பதிவேட்டிலும் தனியாக ஒரு பதிவு வேண்டும்.

ஆறாம் படி: பொருளை விற்றவரின் தனிச் சலுகை

கடைக்காரர் ஒரு பெரிய குளிர்ப்பெட்டியைத் தவணையில் வாங்குகிறார். வங்கியின் ‘இனி வருபவை’ பிடிக்குள் அது விழுந்தாலும், விற்றவர் பொருளை ஒப்படைத்த 20 நாளுக்குள் பதிந்தால் அந்தப் பெட்டியின்மேல் வங்கிக்கும் முன்னால் நிற்கலாம். விற்பனைச் சரக்குக்கு இந்த 20 நாள் கிடையாது. சரக்கு கைமாறும் முன்பே பதிந்து, முன்னமே பதிவுள்ள வங்கிக்கு எழுத்தில் அறிவிப்பும் சேர்ந்திருக்க வேண்டும். மொத்த வியாபாரிகள் இதை அறியாமல் அரிசி மூட்டைகளைக் கடனுக்கு இறக்கிவிட்டு, பின்பு கையைப் பிசைகிறார்கள்.

ஏழாம் படி: கிரிப்டோ ஈடாக வந்தால்

எடிசன் கடைக்காரர் தன்னிடம் கொஞ்சம் பிட்காயின் இருப்பதாகவும் அதையும் ஈடாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். 2022 திருத்தம் வராத மாநிலத்தில் இது பொதுவான அருவச் சொத்தில் சேரும். பதிவுதான் ஒரே வழி. அதிலும் ஒரு வேடிக்கை. 2021 செப்டம்பரில் எல் சால்வடார் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. யு.சி.சி.யின் பழைய வரையறைப்படி ஒரு வெளிநாட்டு அரசு ஏற்ற நாணயமும் ‘பணம்’. பணத்தின்மேல் ஈட்டுரிமையை நிலைநிறுத்த அதைக் கையில் வாங்கி வைக்க வேண்டும். பிட்காயினைக் கையில் எப்படி வாங்குவது? புதிய வரையறை இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அரசு ஏற்கும் முன்பே புழக்கத்தில் இருந்த மின்னணு ஊடகம் இப்போது ‘பணம்’ ஆகாது.

திருத்தம் ஏற்ற மாநிலங்களில் இது ‘கட்டுப்படுத்தத்தக்க மின்னணுப் பதிவு’ என்ற புது வகையில் சேர்கிறது. பதிவு செய்தாலும் உரிமை நிலைக்கும்; ஆனால் கட்டுப்பாட்டை எடுத்தவர் பின்னால் வந்தாலும் பதிவு மட்டும் செய்தவரை முந்திவிடுவார். கட்டுப்பாடு என்றால் மூன்று அதிகாரம்: அந்தப் பதிவின் பயனை ஏறக்குறைய முழுதும் துய்க்கும் வல்லமை, பிறரைத் தடுக்கவும் கைமாற்றவும் தனக்கே உரிய வல்லமை, அது தன்னிடம்தான் இருக்கிறது என்று காட்டக்கூடிய வசதி. பிட்காயினைக் கைமாற்றத் தேவையான ரகசியக் குறியீடான தனிச் சாவி கடனாளியின் கைபேசியிலேயே இருந்தால் உங்களிடம் தாள்தான் இருக்கிறது. சாவியைப் பகிர்ந்து வைக்கும் ஏற்பாடோ, நம்பகமான காப்பாளரோ வேண்டும். கடனாளி வர்த்தகத் தளம் ஒன்றில் வைத்திருந்தால் அந்தத் தளத்தோடு அவருக்குள்ள ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

பழைய கடன்களில் கிரிப்டோ ஈடு வைத்திருப்பவர்களுக்கு மாதிரிச் சட்டம் அவகாசம் தந்திருக்கிறது. 2025 ஜூலை 1, அல்லது மாநிலத்தில் திருத்தம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பழைய முன்னுரிமை குலையாது. மாநிலங்கள் இந்தத் தேதியை மாற்றியிருக்கக்கூடும், உங்கள் மாநிலச் சட்டத்தில் பாருங்கள். என்னைக் கேட்டால், மளிகைக் கடைக் கடனுக்குக் கிரிப்டோ ஈடு வாங்குவதைவிடத் தொகையைக் குறைத்துக் கொடுப்பது மேல்.

எட்டாம் படி: நாட்காட்டி

பதிவின் ஆயுள் ஐந்து ஆண்டு. நீட்டிக்கும் படிவத்தைக் கடைசி ஆறு மாதத்துக்குள்தான் போட வேண்டும். 2022 மார்ச் 10-இல் பதிந்தது 2027 மார்ச் 10-இல் சாகும். நீட்டிப்புக்கான கதவு 2026 செப்டம்பர் 10-இல் திறக்கும். ஆகஸ்டில் முன்யோசனையோடு போட்டால் அது செல்லாது. முன்யோசனைக்குத் தண்டனை கிடைக்கும் இடம் இது ஒன்றுதான் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். காலாவதியானால், ஈட்டை விலைகொடுத்து வாங்கியவருக்கும் போட்டிக் கடன்காரருக்கும் எதிராக அது ஒருநாளும் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

தனி ஆளாகக் கடை நடத்துகிறவர் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தால் நான்கு மாதத்துக்குள் அங்கே புதிதாகப் பதிய வேண்டும். நிறுவனம் என்றால் கடையை எங்கே நகர்த்தினாலும் கவலையில்லை, பதிவான மாநிலம் மாறாதவரை.

பதிவு செய்த சில வாரங்களில் கடனாளிக்கு அரசு முத்திரைபோல் ஏதோ ஒன்று போட்ட கடிதம் வரும்: ‘உங்கள் யு.சி.சி. பதிவின் நகல் வேண்டுமானால் இத்தனை டாலர் அனுப்பவும்.’ அரசாங்கம் அனுப்பியதல்ல. கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: தவணை நின்றால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நிலைக்கு வந்தால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். நீதிமன்றம் போகாமலே ஈட்டை எடுக்கலாம், அமைதி குலையாமல் எடுக்கும் வரை. கடைக்காரர் வாசலில் நின்று வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தள்ளுமுள்ளு உங்கள் உரிமையையே கெடுக்கும். விற்பதற்கு முன் கடனாளிக்கும் மற்றப் பதிவுதாரர்களுக்கும் அறிவிப்பு போக வேண்டும். வணிகக் கடனில் 10 நாள் முன்னதாக அனுப்பினால் அவகாசம் போதும் என்று சட்டம் ஏற்கிறது. விற்பனையின் முறை, நேரம், இடம், விலை எல்லாம் வணிக உலகம் நியாயமென்று ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும். மைத்துனருக்கு அரை விலைக்கு விற்றுவிட்டு மீதியைக் கடனாளியிடம் கேட்டால் நீதிபதி கணக்கைப் புரட்டிப் பார்ப்பார்.

பத்தாம் படி: கடன் தீர்ந்த பின்

பதிவை விலக்கிக்கொள்ளும் முடிப்புப் படிவத்தில் நடந்ததுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய விபத்து. 2008-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 30 கோடி டாலர் குத்தகைக் கடன் ஒன்றை அடைத்தது. அதற்குரிய பதிவுகளை முடிக்கத் தேடியபோது மூன்று பதிவுகள் பட்டியலில் வந்தன. இரண்டு அந்தக் கடனுக்கு உரியவை. மூன்றாவது, அதற்குத் தொடர்பே இல்லாத 150 கோடி டாலர் கடனுக்கு உரியது. மூன்றுக்கும் முடிப்புப் படிவம் தயாரானது. இரு தரப்பு வழக்கறிஞர்கள் பார்த்தார்கள்; கடன் கொடுத்த ஜே.பி. மார்கன் வங்கியும் பார்த்துச் சரி என்றது. யாரும் பதிவு எண்ணைப் பிரதான கடனோடு ஒப்பிடவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. அப்படி ஓர் எண்ணமே எங்களுக்கு இல்லை என்று ஜே.பி. மார்கன் வாதாடியது. 2014-இல் டெலவேர் உச்ச நீதிமன்றமும், அதைப் பின்பற்றி 2015 ஜனவரியில் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது இதுதான்: அந்தத் தாளைத் தாக்கல் செய்ய ஒப்புதல் தந்தீர்களா, தந்தீர்கள், அதன் விளைவை நினைத்தீர்களா என்பது கேள்வியில்லை. அந்தப் பெரும் கடனின் முதன்மைப் பதிவு அதோடு முடிந்தது. ஆகவே முடிப்புப் படிவத்தில் எழுதும் பதிவு எண்ணை மூல யு.சி.சி.-1 தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள்.

கடைக்காரர்களுக்கு: கடனை அடைத்ததும் பதிவு தானாக விலகாது. கையொப்பமிட்ட கடிதத்தில் கேளுங்கள். கேட்டு 20 நாளுக்குள் கடன் கொடுத்தவர் முடிப்புப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் அல்லது உங்களிடம் அனுப்ப வேண்டும். தவறினால் உண்மையான நட்டத்தோடு 500 டாலர் சட்டப்படி கேட்கலாம். அப்போது கடனாளியே படிவத்தைத் தாக்கல் செய்யவும் வழியுண்டு, தன் ஒப்புதலில் தாக்கல் செய்வதாக அதில் குறிப்பிட்டால். கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் வைத்திருங்கள். இருபத்தோராம் நாள் மாநிலத் தளத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். பழைய பதிவு அப்போதும் தெரியும், பதிவேட்டிலிருந்து உடனே அழிக்கமாட்டார்கள். அதன் கீழே முடிப்புப் படிவம் தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தேடும்போது உரிமத்தில் உள்ள பெயரைப் போடுங்கள்.